டிப்போவில் நான் சொன்னது

தம்பானூர் பஸ் நிலையத்தின் அலுவலக மாடிப்படியில் பாதி தூரம் ஏறிவிட்டு, மேலே போகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். நல்ல மழைக்காலம். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் என்னை உரசாமல் ஒதுங்கி ஏறினார்கள், இறங்கினார்கள். டீசல் வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து வந்தது. என் கைப்பையில் நான்காக மடித்த ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.

“சேச்சிக்கு ஆரைக் காணணும்?” என்று ஒரு கண்டக்டர் நின்று கேட்டார்.

“ஸாரை” என்றேன்.

எந்த ஸார் என்று அவர் கேட்கவில்லை. மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படிகளைப் பற்றி இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். நான் வேலை பார்த்த அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பற்றி எழுதினேன். நேமத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கிணற்றைப் பற்றிக்கூட எழுதினேன். “எல்லாம் எழுதுகிய, இதை மட்டும் எதுக்கு விட்டே?” என்று கேட்டவர் என் கணவர். அவர் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

மலைப் பாதை டிரைவர்

என் கணவர் தங்கராஜ் அரசு பஸ் டிரைவர். எங்கள் இருவருக்கும் ஊர் பாறசாலைக்குத் தெற்கே. கல்யாணம் ஆன மறு வருஷம் வேலை கிடைத்து திருவனந்தபுரம் வந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பொன்முடி வண்டி கிடைத்தது.

அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லாறு தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு, இருபத்திரண்டு. வண்டிகளும் குறைவு. ஒன்றை விட்டால் எஸ்டேட் ஜனங்கள் அரை நாள் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்த டியூட்டி வேண்டாம் என்பார்கள். இவர் கேட்டு வாங்கினார்.

வளைவுகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். ஒன்றுக்கு ‘மாமியார்’ என்று பெயர். முதல் தடவையில் ஒருபோதும் வழிவிடாதாம், பின்னால் எடுத்து மறுபடியும் திருப்ப வேண்டுமாம். என் அம்மா இருக்கும்போதே சொல்வார். அம்மாவும் சிரிப்பாள்.

வேலை முடிந்து வந்தால் சட்டையில் தேயிலை வாசனை இருக்கும். எஸ்டேட் குடியிருப்பான லயத்துப் பெண்கள் மருந்து வாங்கிவரச் சொல்லி அவரிடம்தான் சீட்டைக் கொடுப்பார்கள். திருவனந்தபுரத்தில் நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள். பொன்முடியில் அவர் பெரிய ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பும் நேரம். கொல்லையில் முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டி அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் ஷீபாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. தண்ணீர்க் குவளை விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு குரல். அது மனுஷக் குரல் போலவே இல்லை.

ஓடிப்போனபோது தரையில் கிடந்தார். முகத்தில் பாதி சோப்பு. கை, கால், தாடை எல்லாம் ஒரே மாதிரி வெட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு சுமதி சேச்சி சாவிக்கொத்தோடு ஓடிவந்து அவர் கையில் திணித்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சோப்பைத் துடைத்தேன். அதுதான் செய்யத் தோன்றியது.

எல்லாம் இரண்டு நிமிஷம் இருக்கலாம். பிறகு அவர் ஆழமாக மூச்சு விட்டுத் தூங்கிப்போனார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார், கம்பிகளை ஒட்டிப் படம் பிடித்தார். கட்டி இல்லை, ஒன்றுமில்லை. வலிப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்.

“இனி வருமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“வரலாம். வராமலும் இருக்கலாம்” என்றார். மலையாளத்தில் அதைச் சொன்னபோது இன்னும் மென்மையாக இருந்தது. ஆனால் அடுத்ததை அவர் மென்மையாகச் சொல்லவில்லை. இனிமேல் பஸ் ஓட்டக் கூடாது. அதைச் சீட்டிலும் எழுதினார்.

எனக்கு மட்டும் தெரிந்தது

அவர் காய்ச்சல் என்று சொல்லிப் பத்து நாள் லீவு எடுத்தார். மாத்திரை சாப்பிட்டார். பதினோராம் நாள் காக்கியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?” என்றேன்.

“ஒரே ஒரு தடவை வந்தது. அன்னைக்கு வெறும் வயிறு, முந்தின நாள் டபிள் டியூட்டி. அதுக்கு ஒரு ஜோலியைக் களையணுமா?”

எனக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. நம்பினேன். மூன்று வாரம் நம்பினேன்.

அவருக்கு ஓய்வு நாள். மதியம். ஷீபா பள்ளிக்கூடத்தில். நான் அங்கன்வாடி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பாயில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த பேப்பர் கசங்கத் தொடங்கியது. அதே குரல். அதே வெட்டு. இந்தத் தடவை நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தவர், “சாயா போடுகியா?” என்று கேட்டார்.

“அத்தான், இப்ப உங்களுக்கு வந்தது.”

“என்ன வந்தது?”

சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பொய் சொல்லும் முகம் இல்லை அது.

“நான் ஒறங்கிப் போனேன். ஒனக்குப் பயம். எப்பப் பாத்தாலும் அதையே நினைச்சுட்டு இருக்க. பாக்கது எல்லாம் அதாத் தெரியுது.”

வலிப்பு வந்தவருக்கு அது வந்தது தெரியாது என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த மதியம் நான் தனியாகிவிட்டேன். நடந்தது அவருடைய உடம்பில். பார்த்தது நான் ஒருத்தி. அவரே இல்லை என்கிறார். கசங்கிய பேப்பரை எடுத்துக் காட்டினேன். “பேப்பரை யாரும் கசக்கலாம்” என்றார்.

பொன்முடி வண்டியில் ஒரு பயணி

இரண்டு நாள் கழித்து அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு நெடுமங்காட்டில் போய் நின்றேன். அவருடைய வண்டி வந்தது. ஏறி, அவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கல்லாறு வரை நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுகள் தொடங்கியதும் கைகளைப் பார்த்தேன். எவ்வளவு அழகாக ஓட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும். பெரிய சக்கரத்தைக் கை மாற்றி மாற்றிச் சுற்றுவார், வண்டி அதிராமல் திரும்பும். நான் அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.

விதுரையில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. தடுப்பூசி போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவள், தமிழ்ப் பெண். வளைவில் சாயும்போதெல்லாம் குழந்தையின் தலை என் முழங்கையில் வந்து இடித்தது.

“பயப்படாதீங்க அக்கா. தங்கராஜ் அண்ணன் வண்டியில நான் ஒறங்கியே போயிருவேன்” என்றாள். சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் வெறும் மூடுபனி, அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மேலே போய் வண்டி நின்றதும் அவர் இறங்கி வந்தார். கடையில் இரண்டு சாயா வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தார். குளிருக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“எதுக்கு வந்த?”

“சும்மா. பாக்கணும்ணு தோணிச்சு.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். தன் வேலையைப் பார்க்க மனைவி மலையேறி வந்த சந்தோஷம். என்னை அழைத்துப்போய் கீழே தெரியும் தேயிலைச் சரிவைக் காட்டினார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? இறங்கும்போதும் அதே சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கும் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம், ஆறு மாதம் நடக்காமல் இருக்கலாம். அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் காலை அவர் வண்டி எடுப்பதற்கு முன் தம்பானூர் போனேன்.

“எழுதினால் பின்னே திருத்த முடியாது”

மாடியில் பொறுப்பாக இருந்த ஸார் வயதானவர், கண்ணாடி போட்டவர். எதிரே நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமலே சீட்டை நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார்.

“தங்கராஜ் இது பறஞ்ஞில்லல்லோ.”

“சொல்ல மாட்டார் ஸார். ஒரு தடவை வந்ததுன்னுதான் அவர் நினைக்கிறார். ரெண்டு தடவை வந்தது. ரெண்டாவது தடவையை நான் மட்டும்தான் பாத்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டே? நான் இதை எழுதி எடுத்தால் பின்னே திருத்த முடியாது. மெடிக்கல் போர்டுக்கு விடணும். வேற ஜோலி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எத்தர மாசம் ஆகும்ணு எனிக்கும் அறியில்ல.”

இங்கேயும் அதே பதில். வரலாம், வராமலும் இருக்கலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். யாரிடம் போனாலும் யாராலும் உறுதியாக ஒன்று சொல்ல முடியவில்லை.

“எழுதுங்க ஸார்” என்றேன்.

“நீங்ஙள் வந்தது அவனுக்குத் தெரியுமா?”

“நானே சொல்லிக்கிறேன்.”

அன்று பொன்முடி வண்டியை வேறு ஒருவர் எடுத்துப் போனார். என் கணவர் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். உள்ளே வந்ததும் சொன்னேன். மாடிப்படியில் நின்றது முதல் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. காக்கிச் சட்டையின் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றார்.

“கேட்டா விட்டிருக்க மாட்டீங்க.”

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பேசாத நாட்கள்

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. ஷீபா மூலமாகத்தான் எல்லாம். “அம்மையிட்ட சோறு போடச் சொல்லு.” அவள் என் பக்கம் திரும்பி, “அம்மா, அப்பாவுக்குச் சோறு” என்பாள். ஒருநாள் அந்தப் பிள்ளை, “எனக்கு வய்ய, நீங்களே பேசிக்கிடுங்க” என்று தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அவர் பேசாமல் இருந்ததைவிட நான் செய்ததுதான் மோசம் என்று இப்போது தோன்றுகிறது. நான் அவரைக் காவல் காத்தேன். கிணற்றடிக்குப் போனால் பின்னால் போவேன். கடைக்குப் போனால் கூடவே ஷீபாவை அனுப்புவேன். குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் மனது வீட்டில்தான். ஒருநாள் ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை ஊற்றிவிட்டு அடுத்த குழந்தையைத் தாண்டிப் போனேன். அது அழவும் இல்லை. காலிக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அன்று மாலையும் குளியலறைக் கதவருகில் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவைத் தட்டப் போனேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“அங்கதான் நிக்கிய, இல்லியா?”

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

“ஆமா.”

“அது வரும்ங்கிறது எனக்குப் பயமில்ல, கேட்டியா. வந்தா எனக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. நீ இப்படி நிக்கியதுதான் எனக்குப் பயமா இருக்கு. என்னமோ நான் செத்துப்போன மாதிரி.”

கதவைத் திறந்துகொண்டு துண்டோடு வந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை, ஆனால் அங்கேயே படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நாங்கள் சில காரியங்களைப் பேசி முடிவு செய்தோம். குளிக்கும்போது கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது. நான் வெளியே நிற்கக் கூடாது. கிணற்றில் அவர் தண்ணீர் இறைக்க வேண்டாம். அடுப்பைத் தொட வேண்டாம். மற்றபடி அவர் போக வேண்டிய இடத்துக்குத் தனியாகப் போவார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்க வேண்டாம், அவரே எடுத்துக்கொள்வார்.

“அப்புறம் ஒண்ணு” என்றார். “மறைச்சு வைக்காண்டாம். சுமதி சேச்சியிட்ட, கடைக்காரன்ட்ட, எல்லார்ட்டயும் சொல்லிரு. எங்க விழுந்தாலும் ஆளுக்குத் தெரியட்டும்.”

மறுநாளே சொன்னேன். இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் எல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். சாவி வேண்டாம் என்று மட்டும் சுமதி சேச்சிக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

விசாரணைக் கவுண்டர்

மெடிக்கல் போர்டு, கடிதம், மறு கடிதம் என்று வருஷம் திரும்பிவிட்டது. கடைசியில் தம்பானூரிலேயே விசாரணைக் கவுண்டரில் போட்டார்கள். வண்டி ஓட்டியவருக்கு வண்டி எப்போது வரும் என்று சொல்லும் வேலை. முதல் நாள் போய்விட்டு வந்து, “கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்ச மீன் மாதிரி இருக்கு” என்றார்.

ஆனால் மெல்ல அது அவருடைய இடமாயிற்று. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் தெற்கேயிருந்து வந்து இறங்குகிற ஆட்களுக்கு மலையாளம் தெரியாது. போர்டு படிக்க வராது. இவர் தமிழில் சொல்வார். “வண்டி எப்ப வரும்ணே?” என்று கேட்டால், “தெரியாது மக்களே. வந்தா ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். அங்க இரி” என்பார். ஒருவரானாலும் எங்கள் ஊரில் பாசமாக ‘மக்களே’தான். அவர்களும் போய் உட்காருவார்கள்.

ஒரு முற்பகலில் சுமதி சேச்சி வீட்டுக்குப் போன் வந்தது. அவர் கவுண்டரில் விழுந்துவிட்டார் என்று சேச்சி அங்கன்வாடிக்கு ஓடிவந்து சொன்னார். ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன்.

போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கவுண்டருக்கு வெளியே அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, “கழிஞ்ஞு சேச்சி. ஒந்நுமில்ல. மூணு மினிட்டு” என்றார். யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல மணி பார்த்து வைத்திருந்தார். சொல்லிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, இவரேதான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, முடி ஈரமாக இருந்தது. உதட்டோரம் சிறிய காயம். ஒரு கிழவி குனிந்து நெய்யாற்றின்கரை வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் களைத்த குரலில், பொறுமையாக, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கிட்டே போகவில்லை. ஒரு தூணின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ் ஏறி அங்கன்வாடிக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் அவர் வந்து சொல்லும்வரை எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள்

வருஷங்கள் போயின. ஷீபா டிகிரி முடித்து ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் செய்துகொண்டிருந்தாள். விழிஞ்ஞத்தில் ஐஸ் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஜெயசிங் என்ற பையனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பையனும் அவன் அம்மாவும் மாமாவும்.

முந்தின நாளே என் அண்ணன் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தான். “அத்தானுக்கு உள்ள சீக்கைப் பத்தி இப்ப பேச்செடுக்காத. பேசி முடியட்டும்.”

அவர்கள் உட்கார்ந்து சாயாவைக்கூடக் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் என் கணவர் பேசத் தொடங்கினார்.

“ஒண்ணு சொல்லணும். எனக்கு வலிப்பு உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷமாச்சு. மருந்து எடுக்கேன். வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ வரும்.”

பையனின் அம்மா கிளாஸைக் கீழே வைத்தார். “பிள்ளைக்கு?”

“இதுவரைக்கும் இல்ல.”

“நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளைகளுக்கு வருமா?”

“பெரும்பாலும் வராதுண்ணு டாக்டர் சொன்னாங்க. உறுதியாச் சொல்ல அவங்களுக்கும் முடியாது. எனக்கும் முடியாது.”

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை. “வீட்டில் பேசிட்டுச் சொல்லுகோம்” என்று எழுந்தார்கள்.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. முன்பு மாதிரியாக இருந்தால் அந்த ஒரு வாரத்தில் நான் பாதி ஆளாகியிருப்பேன். கவலை இல்லாமல் இல்லை. ஷீபா முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சமைத்தேன், சாப்பிட்டேன், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் நேரத்துக்கு வேலைக்குப் போனார். “வேண்டாம்ணு வந்தா?” என்று ஷீபா ஒருநாள் கேட்டாள். “கொஞ்ச நாள் வருத்தமா இருக்கும் மோளே” என்றார் அவர். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயசிங் தனியாக வந்தான். விழிஞ்ஞத்திலிருந்து நேராக வந்தவன், சட்டையில் மீன் வாசனை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“அம்மைக்குக் கொஞ்சம் பயம் உண்டு. நான் பேசிட்டேன், சம்மதிச்சாச்சு” என்றான். பிறகு என் கணவரைப் பார்த்து, “மாமா, எனக்கு ஒண்ணு தெரியணும். நான் இருக்கும்போது உங்களுக்கு வந்தா நான் என்ன செய்யணும்? இதுவரைக்கும் நான் கண்டதில்ல.”

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, தோள் துண்டை எடுத்து வைத்துவிட்டு, முன்னறைத் தரையில் மல்லாந்து படுத்தார்.

“இஞ்ச வா. மொதல்ல தலைக்கு அடியில எதாவது வை. வாயில ஒண்ணும் வைக்காத. கையைக் காலைப் பிடிச்சு அமுக்காத. ஆட்டம் கொறைஞ்சதும் என்னை ஒரு பக்கமாத் திருப்பு. செய்து பாரு.”

அவன் மண்டியிட்டு, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினான். அவர் சுவர் வரைக்கும் உருண்டார்.

“மக்களே, நான் ஐஸ் பாளம் இல்ல” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

ஷீபா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவனைப் பார்க்காமலே அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“ஒரு கை தோள்ல, ஒரு கை கால்முட்டுல” என்றாள். “மெதுவா.”